புள்ளி வைத்த வரி

அதை உள்ளே வைங்க தம்பி. மொதல்லே அதை உள்ளே வைங்க. கோட்டுப் பைக்குள்ளே தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடுங்க. பஞ்சாங்கத்துக்கு நடுவிலே வெச்சுப் படிச்சா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எனக்குத் தெரிஞ்சுதே. அந்தக் காகிதம் எனக்குத் தெரியும், அந்த மை எனக்குத் தெரியும். அது எங்க அச்சுக்கூடத்திலே போட்டது. போதும், சத்தம் போடாதீங்க.

பயப்படாதீங்க, நான் போலீசு இல்லை. நீங்களும் இல்லையே? கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க ரயில் ஏறும்போதே பார்த்தேன், கோட்டு, தலைப்பாகை, கையிலே குடை. இப்படி ஒருத்தர்தான் அன்னைக்கு அச்சுக்கூடத்துக்கு வந்து, ரொம்ப மரியாதையா, "மொதலியார்வாள், அந்தக் கும்மிப் புஸ்தகம் ஒண்ணு கெடைக்குமா?"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். அப்புறம் அவரைக் கோர்ட்டிலேதான் பார்த்தேன், சாட்சிக் கூண்டிலே. அதுலேர்ந்து குடையோட யார் வந்தாலும் கதவைச் சாத்திடறேன். என்ன? திண்டிவனத்திலே பள்ளிக்கூடத்து வாத்தியாரா? சரி. வாத்தியார்னா சரி.

நான் மதுராந்தகம் போறேன். என் பேரு தெய்வசிகாமணி. எம்பொண்ணு அபரஞ்சியை மதுராந்தகத்திலே குடுத்திருக்கேன். இன்னிக்கு விடியற நேரத்திலே அவளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. ஆம்பளைப் பிள்ளை. சந்தோஷந்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா நஞ்சுக்கொடி விழலையாம். பிள்ளை வெளியே வந்துடுச்சு, நஞ்சு உள்ளேயே நின்னுடுச்சு. காலையிலே தந்தி வந்துது. ஏன் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன்னு கவனிச்சுக்கிட்டே இருந்தீங்களே, அதுதான். தந்தி மடியிலே இருக்கு. வேண்டாம், நீங்க படிக்க வேண்டாம். நான் சொன்னதுதான் அதிலேயும் இருக்கு.

அதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும் தம்பி. டாக்டர் வேலை தெரியும்னு சொல்லலை. ஒரு வரி தெரியும். அந்த ஒரு வரியை மண்டைக்குள்ளே வெச்சுக்கிட்டுத்தான் போறேன். போய் எறங்கினதும் சம்பந்தியம்மா காதிலே சொல்லிட்டா... சம்பந்தியம்மா காதிலே அதை நான் எப்படிச் சொல்றது? மாப்பிள்ளை காதிலே சொல்லி, அவர் அவங்கம்மா காதிலே சொல்லி, அப்படித்தான் சொல்லணும். இந்த வண்டி கொஞ்சம் வேகமாப் போனாத் தேவலை. வண்டலூர் தாண்டிட்டோமில்லே? தாண்டியாச்சு, தாண்டியாச்சு.

உங்க பையிலே இருக்கே, அதே புஸ்தகம் எம்பொண்ணு வீட்டிலேயும் இருக்கு. பிள்ளைப்பேற்றுக் கும்மி. வளைகாப்புச் சீரோட நான்தான் பட்டுத்துணியிலே சுத்தி அனுப்பினேன். அதைப் பார்த்து நடந்துக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? நடந்துக்கலாம். ஆனா அந்த எடத்திலே புள்ளி வெச்சிருக்கு. அந்த வரியிலே, அடுத்த வரியிலே, அதுக்கடுத்த வரியிலேயும். நீங்கதான் பார்த்திருப்பீங்களே. எழுத்தைவிடப் புள்ளி ஜாஸ்தி.

புள்ளி வெச்சது நான்தான். அது நல்லதுக்கு வெச்சது தம்பி. கேளுங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க. இந்தக் கதையை முழுசா ஒருத்தரும் கேட்கலை. கோர்ட்டிலேகூடக் கேட்கலை, ஆமாவா இல்லையான்னுதான் கேட்டாங்க.

எங்க தெருவிலே செங்கம்மான்னு ஒரு மருத்துவச்சி. ஏழுகிணறுப் பக்கத்திலே அவ கை படாம பொறந்த பிள்ளை கெடையாது. வாய் மட்டும் ரொம்ப நீளம். என் சம்சாரம் உயிரோட இருந்தப்போ, அபரஞ்சி பொறந்தாளே, அன்னைக்கும் இதே கதைதான். பிள்ளை வந்துடுச்சு, நஞ்சு வரலை. உள்ளே பொம்பளைங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் கதவுக்கு வெளியே தூணைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். செங்கம்மா மட்டும் அழுறவங்களைத் திட்டிட்டுப் பாட ஆரம்பிச்சா. பாட்டு! அந்த நேரத்திலே கும்மிப் பாட்டு! கூடமாட உதவிக்குப் போற பொண்ணுங்களுக்கு அவ அப்படித்தான் பாடம் சொல்லுவாளாம். பாட்டிலே என்ன செய்யணும்னு இருக்கும், பாடிக்கிட்டே செய்வாங்க. நான் வெளியே நின்னு கேட்டேன். அவ பாடினபடி செஞ்சாங்க, கொஞ்ச நேரத்திலே நஞ்சு தன்னாலே விழுந்துடுச்சு. அந்த வரி எனக்கு எப்படித் தெரியும்னு இப்போ வெளங்குதா? அச்சுக் கோக்கறதுக்கு முன்னாலேயே தெரியும்.

அந்தப் பாட்டையெல்லாம் அச்சிலே போடணும்னு அவதான் வந்து கேட்டா. "நாஞ் செத்தா இது என்னோட போயிடும் மொதலியாரே. கிராமத்துலே படிக்கத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருந்தாப் போதும், மத்தவளுங்களுக்குப் பாடிக் காட்டுவா"ன்னா. நல்ல காரியந்தானேன்னு ஒத்துக்கிட்டேன். அவ பாடப் பாட நான் எழுதினேன். கம்பாசிட்டர் கோத்தான். எல்லாம் முடிஞ்சு, அச்சுக்கு ஏத்தற நேரம்.

அப்போதான் பக்கத்துத் தெருவிலே வரதராசுலு நாயுடுவைப் பிடிச்சாங்க. அவரும் அச்சுக்கூடக்காரர், ரெண்டு பேரும் ஒரே கடையிலே மை வாங்குவோம். பழைய காதல் பாட்டு ஒண்ணு போட்டிருந்தார். கல்யாண வீட்டிலே பாடற பாட்டுதான், நானும் கேட்டிருக்கேன். பட்டணத்திலே ஒழுக்கத்தைக் காப்பாத்தப் பெரிய மனுஷங்க ஒரு சபை வெச்சிருக்காங்களாம், அவங்க புகார் எழுதிக் குடுத்திருக்காங்க. போலீசு வந்து எழுத்துப் பெட்டியை எல்லாம் தெருவிலே கவுத்துட்டான். ஈய எழுத்தெல்லாம் சாக்கடையிலே கொட்டிக் கெடக்குது. நாயுடு குனிஞ்சு ஒண்ணொண்ணாப் பொறுக்கினார். பொறுக்கிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு பேர் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. நான் முனையிலே நின்னு பார்த்தேன். கிட்டே போகலை. நீங்களா இருந்தாலும் போயிருக்க மாட்டீங்க.

வீட்டுக்கு வந்தா, எங்க அச்சுக்கூடத்திலே மேசை மேலே செங்கம்மா பாட்டு கோத்து வெச்சிருக்கு. அதிலே என்னென்ன வார்த்தை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! பிள்ளை பொறக்கறதைப் பத்தின பாட்டு. பொம்பளை ஒடம்பு தலையிலேர்ந்து கால் வரைக்கும் இருக்கு. அவ பாடும்போது ஒண்ணும் தோணலை, எழுதும்போதும் தோணலை. இப்போ படிக்கறேன், ஒவ்வொரு வார்த்தையும் என்னைப் பார்த்து முழிக்குது. கம்பாசிட்டரைச் சாப்பிட அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். அந்த மாதிரி வார்த்தையை மட்டும் உருவிட்டு, அந்த எடத்திலே புள்ளியைச் சொருகினேன். அவ்வளவுதான் செய்யணும்னு நெனச்சேன், சத்தியமா அவ்வளவுதான்.

ஆனா பயம் வந்துட்டா அது நிக்கற எடத்திலே நிக்காது தம்பி. 'தொடை'யை எடுத்தேன். அப்புறம் 'கால்'னு ஒரு எடத்திலே வந்துது. காலிலே என்ன இருக்கு? ஆனா ரெண்டு காலையும் சேர்த்துச் சொல்லியிருந்தா. எடுத்துட்டேன். 'படுக்கவை'ன்னு வந்துது, எடுத்துட்டேன். 'விளக்கை ஏத்து'ன்னு வந்துது. விளக்கை ஏத்துன்னா அதுக்கு முன்னாலே இருட்டா இருந்துதான்னு ஒருத்தன் கேப்பானே? எடுத்துட்டேன். புள்ளி தீர்ந்துபோச்சு. வேற ஒரு அச்சுக்கூடத்துக்கு ஆள் அனுப்பிப் புள்ளி கேட்டு வாங்கினேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நாயுடு குனிஞ்சு பொறுக்கினதை நீங்க பார்க்கலை.

புஸ்தகம் வெளியே போச்சு. போனதும் ஒரு விந்தை பாருங்க. பொம்பளைங்க வாங்குவாங்கன்னு போட்ட புஸ்தகத்தை ஆம்பளைங்க வந்து வாங்கறாங்க. காலேஜுப் பையன்கள், கலெக்டர் கச்சேரி குமாஸ்தாக்கள், ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர். எல்லாரும் பக்கத்தைப் புரட்டிப் புள்ளியைப் பார்த்துட்டு, ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கறாங்க. பென்சிலை வெச்சுக்கிட்டுக் கோடிட்ட எடத்தை நெரப்பற மாதிரி நெரப்பறாங்களாம். நீங்களும் அதுக்குத்தானே வாங்கினீங்க? கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டேன்.

செங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒரு பொண்ணு அவளுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா. நேரா அச்சுக்கூடத்துக்கு வந்துட்டா, தலைகூட முடியலை. "எம்பாட்டுலே பாதியைக் காணோம், அந்தப் பாதியிலதான்யா உசுரே இருக்கு!"ன்னு கத்தறா. தெருவே எட்டிப் பார்க்குது. நான், "மெதுவாப் பேசு செங்கம்மா, உன்னைக் காப்பாத்தத்தான் புள்ளி வெச்சேன்"னு கெஞ்சறேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "புள்ளி வச்சாக் கோலந்தான் போடலாம் மொதலியாரே, புள்ளை பெக்க முடியாது!" தெரு முழுக்கச் சிரிப்பு. எனக்கு உசுரே போச்சு. இப்படி ஊருக்குத் தெரியற மாதிரிக் கத்தினா போலீசு வராம என்ன செய்யும்? அவ வாயாலேதான் எல்லாம் வந்துது தம்பி. சும்மா இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது.

குடைக்காரர் வந்து புஸ்தகம் வாங்கிட்டுப் போனது அதுக்கடுத்த வாரம்.

ஏன் வண்டி மெதுவாப் போகுது? இது என்ன ஸ்டேஷன்? சிங்கப்பெருமாள் கோயிலா? இங்கே ரொம்ப நேரம் நிக்குமா? பிளாட்பாரத்திலே அந்த ஆள் என்னமோ சொல்றானே, கேளுங்க. எதிரே மெயில் வருதாமா? மெயில் போனப்புறந்தான் விடுவானா? கடவுளே. செங்கல்பட்டு தாண்டி, பாலாறு தாண்டி, அதுக்கப்புறமும் எவ்வளவு தூரம்.

சரி, சொல்றேன். சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் நேரம் போகும். சும்மா இருந்தா எம்பொண்ணு மொகம் வருது.

ரெண்டு பேரையும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாங்க, என்னையும் செங்கம்மாவையும். மாஜிஸ்ட்ரேட்டு வெள்ளைக்காரத் துரை. அவருக்குத் தமிழ் தெரியாது. துபாஷி ஒருத்தர் புஸ்தகத்தை இங்கிலீஷிலே வாசிச்சுச் சொல்லணும். அவர் என்ன செய்வார் பாவம்? ரெண்டு வார்த்தை வாசிப்பார், அப்புறம் புள்ளி புள்ளி புள்ளிம்பார். மறுபடி ரெண்டு வார்த்தை, மறுபடி புள்ளி புள்ளி புள்ளி. கோர்ட்டே சிரிச்சுது. துரை சிரிக்கலை. என்னைப் பார்த்து, இந்தப் புள்ளிக்கு அடியிலே என்ன இருக்குன்னு கேட்டார்.

நான் என் வக்கீலைத் திரும்பிப் பார்த்தேன். கூண்டிலேர்ந்து செங்கம்மா, "நாஞ் சொல்றேன் தொரை, எல்லாம் எம்பாட்டுதான்"னு ஆரம்பிச்சா. சர்க்கார் வக்கீல் குதிச்சு எழுந்துட்டார். இந்தப் பொம்பளையைப் பேசவிட்டா இங்கே ஒரு கண்ணியவான் உக்காந்திருக்க முடியாதுன்னார். அவ வாயை அடைச்சுட்டாங்க. அவ பாடியிருந்தாத் தெரிஞ்சிருக்கும், அதிலே ஒண்ணுமே... அது போகட்டும். மறுபடி என் பக்கம் திரும்பினாங்க. வெவரம் வேண்டாம், புள்ளிக்கு அடியிலே இருக்கறது அசிங்கமான வார்த்தையா இல்லையா, ஆமாம் இல்லைன்னு ஒரே வார்த்தையிலே சொல்லுன்னாங்க.

நீங்க வாத்தியார், நீங்களே சொல்லுங்க. இல்லைன்னு சொன்னா என்ன கேப்பாங்க? அசிங்கம் இல்லேன்னா ஏன்டா புள்ளி வெச்சேன்னு கேப்பாங்க. பயந்துட்டேன்னு கோர்ட்டிலே சொல்ல முடியுமா? 'விளக்கு'க்கெல்லாம் புள்ளி வெச்ச மனுஷன் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது? அதனாலே ஆமாம்னேன். அசிங்கம்னு தெரிஞ்சுதான் எடுத்தேன், அவ பாடினதைக் காசுக்குப் போட்டேன், மத்தபடி எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னேன். என் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார். எல்லாருக்கும் அதுதான் நல்லதுன்னார்.

எல்லாருக்கும் நல்லதா முடியலை, ஒத்துக்கறேன். செங்கம்மாவுக்கு மூணு மாசம். எனக்கு முச்சலிக்காப் பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு விட்டுட்டாங்க. இனிமே அந்த வார்த்தைகளை அச்சிலேயோ, எழுத்திலேயோ, வாயாலேயோ நாலு பேர் அறிய வெளியிட மாட்டேன், வெளியிட்டா மறு பேச்சில்லாம ஜெயில். அதிலே கையெழுத்துப் போட்டிருக்கேன். கெடச்ச புஸ்தகத்தையெல்லாம் கோர்ட்டு வாசல்லே போட்டுக் கொளுத்தினாங்க. உங்களுக்கு எங்கே கெடச்சுது? குஜிலி பஜார்க் கடையிலே துணிக்கடியிலேர்ந்து எடுத்துத் தந்தானா? நான் கேட்டதா யார்கிட்டேயும் சொல்லாதீங்க.

அவளைக் கொண்டுபோகும்போது என் பக்கமா வந்தா. திட்டப்போறா, மண்ணை வாரித் தூத்தப்போறான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "பாப்பாவுக்கு இப்ப எத்தினி மாசம்?" அபரஞ்சியை அவ பாப்பான்னுதான் கூப்பிடுவா. ஏழுன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துட்டுப் போயிட்டா. எதுக்கு அதைக் கேட்டான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை. பயமுறுத்தினாளோ என்னவோ.

தலைப்பிரசவம் பொறந்த வீட்டிலேதானே? வளைகாப்புப் போட்டுப் பொண்ணை அழைச்சுக்கிட்டு வரணும், அதுதானே மொறை. என்னாலே அழைச்சுக்கிட்டு வர முடியலை. வீட்டுக்கு எதிரே எப்பவும் ஒரு போலீசுக்காரன். தெருவிலே மருத்துவச்சி ஜெயில்லே. மத்த மருத்துவச்சிங்க எங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்கறாங்க, செங்கம்மாவைக் காட்டிக் குடுத்தவன்னு பேரு. அதனாலே சம்பந்தி வீட்டுக்கு எழுதினேன். காலம் சரியில்லை, பொண்ணு அங்கேயே இருக்கட்டும், மன்னிக்கணும்னு எழுதினேன். சம்பந்தியம்மாவுக்கு ரொம்பக் கோவம். "தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அழைச்சுக்காத அப்பனை இப்பத்தான் பார்க்கறேன்"னு சொல்லியனுப்பினாங்க. அபரஞ்சியா? தாயில்லாப் பொண்ணு, என்ன சொல்லுவா?

அந்த ஊர் மருத்துவச்சி வாந்திபேதியிலே போயிட்டாளாம். அதனாலேதான் புஸ்தகத்தை அனுப்பினேன். செங்கம்மா வரமுடியாட்டியும் அவ பாட்டாவது வரட்டும்னு. ஒளிச்சு வெச்சிருந்த ஒரே பிரதி அது. புள்ளி இருக்கற எடத்திலே கையாலே எழுதி அனுப்பியிருக்கலாமேன்னு பார்க்கறீங்க. என் கையெழுத்து தம்பி! முச்சலிக்காவிலே இருக்கற அதே கையெழுத்து! வழியிலே எவனாவது பிரிச்சுப் பார்த்தா? பெரியவங்க இருக்கற வீடு, பார்த்தாலே புரிஞ்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன்.

இன்னும் மெயில் வரலையே. கைகாட்டி எறங்கலை பாருங்க.

என்ன கேட்டீங்க? ஆமாம். தந்தியை எடுத்துக் கையிலே வெச்சிருக்கேன், என்னை அறியாம எடுத்துட்டேன் போலிருக்கு. இல்லை, அதிலே இன்னும் கொஞ்சம் இருக்கு. நான் சொன்னது முழுசும் இல்லை. இங்கிலீஷிலே இருக்கு, நீங்களே படிங்க. தெருமுனை வக்கீல் குமாஸ்தா படிச்சுச் சொன்னான். "பிள்ளை பிறந்தது. நஞ்சு விழவில்லை. புஸ்தகத்தில் அந்த இடம் புள்ளி. வரி என்ன. உடனே தந்தி."

உடனே தந்தி ஆபீசுக்கு ஓடினேன் தம்பி. ஓடலேன்னு நெனக்காதீங்க. செருப்புக்கூடப் போடலை. ஜன்னல்லே ஒரு குமாஸ்தா. என்ன அனுப்பணும், சொல்லும், நான் இங்கிலீஷிலே எழுதிக்கறேங்கறான். சொல்லணும். வாயாலே சொல்லணும். எனக்குப் பின்னாலே ஆளுங்க நிக்கறாங்க. ஓரமா ஒரு போலீசுக்காரன் வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு நிக்கறான், எங்க வீட்டெதிரே நிக்கறவனா வேற ஆளான்னு தெரியலை. வாயைத் திறந்தேன். நாயுடு சாக்கடையிலே குனிஞ்சது வந்துது. 'நாலு பேர் அறிய'ன்னு முச்சலிக்காவிலே எழுதினது வந்துது. குமாஸ்தா, "சொல்லுமய்யா, பின்னாலே ஆள் நிக்குது"ன்னான். நான், 'புறப்பட்டு வருகிறேன்'னு போடச் சொன்னேன்.

அவ்வளவுதான் போட்டேன். புறப்பட்டு வருகிறேன்.

வண்டிக்கு நேரமாச்சு, இதோ வண்டியிலே போனா நேர்லேயே சொல்லிடலாம்னு நெனச்சேன். மூணு மணி நேரந்தானே? அவங்களும் பெரியவங்க, அதுவரைக்கும் சும்மா இருப்பாங்க. ஒண்ணும் செய்யாம இருப்பாங்க இல்லையா? தெரியாத காரியத்திலே கை வைக்க மாட்டாங்க இல்லையா? சொல்லுங்க தம்பி.

அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் எடுங்க. பரவாயில்லை, எடுங்க. இந்தப் பெட்டியிலே யாரும் இல்லை, மூலையிலே இருக்கற அந்தம்மாவும் தூங்கறாங்க. அந்தப் பக்கம் எங்கே... 'நஞ்சு விழாமலே நின்றதென்றால்'னு ஆரம்பிக்கும். அந்த ஊரிலே அவங்க கண்ணுக்கு என்ன தெரியும்னு பார்க்கணும். நான் முடிஞ்ச வரைக்கும் வார்த்தையை விட்டுத்தான் வெச்சிருந்தேன். 'கொடியைப் பிடித்து'ன்னு இருக்கு பாருங்க, அதை எடுக்கலை. கொடின்னா மல்லிகைக் கொடின்னு நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் வர்ற வார்த்தையை எடுத்தேன். அது அசிங்கமான வார்த்தைகூட இல்லை. 'பிடித்து'ன்னதோட அதைச் சேர்த்துப் படிச்சா, எவன் எதைப் பிடிச்சான்னு கோர்ட்டிலே கேட்டுடுவானோன்னு...

இது என்ன?

இங்கே பென்சில்லே எழுதியிருக்கே. நீங்களா எழுதினீங்க? கோவம் இல்லை, சொல்லுங்க, நீங்களா? விளையாட்டுக்கா? 'கொடியைப் பிடித்து இழுத்திடடி.' ஏன் இப்படி எழுதினீங்க? வேற என்ன வரும்னா கேக்கறீங்க? 'பிடித்து'ன்னா 'இழு'தானே வரும்னா? எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்களா? படிச்ச நீங்களே இப்படி எழுதினா... அங்கே பயந்துபோய்ப் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறவங்க... ஐயோ. ஐயையோ. அவங்களும் இதைத்தானே எழுதிப் பார்ப்பாங்க?

இழுக்கக் கூடாது தம்பி! இழுத்தா ரத்தம் நிக்காது, பொண்ணு போயிடும். அது 'இழுக்காதே' தம்பி! நான் எடுத்த வார்த்தை அது. 'இழுக்காதே'யை எடுத்துட்டு 'கொடியைப் பிடித்து'ங்கறதை விட்டு வெச்சிருக்கேன். நான்தான். என் கையாலே உருவினேன்.

எங்கே போறீங்க? ஸ்டேஷன்லே தந்தி இருக்கா? இருக்கும், இருக்கும், இருக்கணும். ஸ்டேஷன் மாஸ்டரை உங்களுக்குத் தெரியுமா? நீங்க கேட்டா அனுப்புவாரா? போங்க. இல்லை, நில்லுங்க, அடுத்த வரியும் வேணும். கிட்டே வாங்க. அங்கே பிளாட்பாரத்திலே ஒரு போலீசுக்காரன் நிக்கறான், பார்க்காதீங்க. இன்னும் கிட்டே வாங்க. காதைக் குடுங்க.

கொடியைப் பிடித்து இழுக்காதே, பிஞ்சைக் கொண்டுவந்து... கொண்டுவந்து...

வரமாட்டேங்குது தம்பி. இருங்க. கொண்டுவந்து முலை சேர்த்திடடி. பிள்ளை பால் குடிக்கக் குடிக்க நஞ்சு தன்னாலே எறங்கிடும். அவ்வளவுதான்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? இவ்வளவுதானான்னா கேக்கறீங்க? இவ்வளவுதான். புஸ்தகம் முழுக்க இவ்வளவுதான். இதுக்குத்தான் அவ ஜெயில்லே இருக்கா. எறங்குங்க, ஓடுங்க. மெயில் வர்ற சத்தம் கேக்குது, அது போயிட்டா இந்த வண்டியை எடுத்துடுவான். உங்க குடை இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். மதுராந்தகம், கச்சேரித் தெரு, எங்க சம்பந்தி குமாஸ்தா சிவசங்கர முதலியார் வீடு.

தம்பி! இழுக்காதேங்கறதை மொதல்லே போடச் சொல்லுங்க! மொதல் வார்த்தையே அதா இருக்கட்டும்! என்ன? கேக்கலையா? மெயில் சத்தத்திலே கேக்கலையா? இழுக்காதே! இழுக்காதே! பிள்ளையை எடுத்து... அவன் திரும்பிப் பார்க்கறான், போலீசுக்காரன் பார்க்கறான்... முலையிலே! முலையிலே போடச் சொல்லுங்க! முலை தம்பி, முலை! அவன் இந்தப் பக்கம் வர்றான். நீங்க நிக்காதீங்க. என்னைப் பார்க்காதீங்க தம்பி, ஓடுங்க!